சிறுமலைக்கு சைக்கிளில் போய்வந்த நாலு பேர்



திங்கட்கிழமை நான் போட்ட படத்துக்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. தலையில் ஹெல்மெட், சுடிதார், காலில் ஷூ என்று நாலு கிழவிகள் மலைப்பாதை ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். "டீச்சர், இது எடிட் பண்ணினதா?" என்று 2003 பேட்ச் பையன் கேட்டிருக்கிறான். "மதினி, முட்டி தாங்குச்சா?" என்று காரைக்குடியிலிருந்து என் கொழுந்தனார். "இந்த வயசுல எதுக்கு மேடம் ரிஸ்க்?" என்று மட்டும் பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினால் விரல் வீங்கிவிடும். அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் தூங்கியது போலப் பாதியில் தூங்கலாம், இப்போது சாக்பீஸ் எறிய மாட்டேன்.

முதலில் நாங்கள் யார் என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான், உங்கள் சயின்ஸ் டீச்சர், வயது 62. என்னோடு ஒரே பள்ளியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த கணக்கு டீச்சர், 64. அவர் முகத்தைப் பார்த்தாலே உங்களில் பலருக்கு இன்னும் பதினாறாம் வாய்ப்பாடு தன்னால் வாயில் வரும். மூன்றாவது, கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நர்ஸக்கா, 66. நாலாவது, கல்குவாரியில் ஜல்லி உடைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவள், 58. அவளை நாங்கள் மூவரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம். எங்களைச் சேர்த்து வைத்தது சொந்தமும் இல்லை, தெருவும் இல்லை. சைக்கிள்தான்.

1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கென்று பாட்டே இருந்தது. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்து போய், பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 1992-இல் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் சைக்கிள் ஓட்டிக் காட்டியதை அவர் பதிவு செய்திருக்கிறார். வட இந்தியப் பிள்ளைகள் படிக்கும் எட்டாம் வகுப்பு ஹிந்திப் பாடப்புத்தகத்தில்கூட அந்தக் கட்டுரை வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் நீங்கள் தலையைக் குனிந்துகொள்வீர்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நான் தங்கச்சிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்ப் பொட்டலில் அவள் எனக்கு சைக்கிள் சொல்லிக் கொடுத்தாள். அவள் எனக்கு ஒரு வாரம் முந்திக் கற்றவள். சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "கீழ பாக்காதீங்க டீச்சர், நேரா பாருங்க, நேரா பாருங்க" என்று கத்திக்கொண்டே ஓடி வருவாள். பி.எட். படித்த எனக்கு அதைவிட நல்ல ஆசிரியர் அதுவரை கிடைத்ததில்லை.

அதற்கு முன்பு எங்கே போவதென்றாலும் என் வீட்டுக்காரர் சைக்கிளின் கேரியரில்தான். சேலை கட்டிக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்து போகிறவளுக்கு ரோட்டின் ஒரு பக்கம்தான் தெரியும். நான் வேலை பார்த்த கிராமத்துக்கு இடதுபக்கம் ஒரு கண்மாய் இருப்பது தெரியும். வலதுபக்கம் ஒரு ஐயனார் கோயிலும் வரிசையாக மண் குதிரைகளும் நிற்பது, நானே சைக்கிள் ஓட்டிப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு வருஷம் தினமும் போன பாதை அது!

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நாங்கள் நாலு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். எப்படி வந்தீர்கள் என்று பேச்சு வந்தது. நர்ஸக்காவை மருமகன் காரில் விட்டுப் போனார். கணக்கு டீச்சரை மகன் விட்டுப் போனான், ஒன்றரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான், அதனால் அவர் பாயசத்துக்குக் காத்திருக்க முடியாது. நான் தம்பி மகன் ஸ்கூட்டியின் பின்னால். தங்கச்சி மட்டும் பஸ்ஸில். "நம்ம எல்லாரும் மறுபடி கேரியருக்கே போய்ட்டோம் போலருக்கே டீச்சர்" என்றாள் அவள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

யாரும் எங்களைப் பூட்டி வைக்கவில்லை. பிள்ளைகள் பாசத்தோடுதான் "நான் கொண்டுபோய் விடுறேன்" என்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போவது, கோயிலில் எவ்வளவு நேரம் உட்காருவது, தோழி வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது என்பதெல்லாம் வண்டி ஓட்டுகிறவருடைய நேரமாகிவிட்டது. 1992-இல் நாங்கள் வாங்கியது அந்த நேரத்தைத்தான். அது கையைவிட்டுப் போன நாள் எது என்று யோசித்தால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்படி மெதுவாகப் போயிருக்கிறது.

அந்தப் பந்தியில் முடிவானதுதான் இந்தப் பயணம். மறுவாரமே நாலு பேரும் பழைய சைக்கிள்களைத் துடைத்து, டியூப் மாற்றி, காலை ஐந்தரைக்கு ஓட்டத் தொடங்கினோம். முதலில் சித்தன்னவாசல். பிறகு நார்த்தாமலை. பிறகு குடுமியான்மலை. பெயரில்தான் மலை, ரோடெல்லாம் சமதளம். நம் ஊரில் ஏற்றம் என்றால் பாலம்தான். ஒரே பாலத்தில் பத்துத் தடவை ஏறி இறங்குவோம். டீக்கடைக்காரர் எங்களை எண்ணிக்கொண்டே இருப்பார். நாலு மாதம் இப்படி. இதற்கு நடுவில் நால்வரும் டாக்டரைப் பார்த்தோம். ஈசிஜி எடுத்தோம். சர்க்கரை நோய் உள்ள கணக்கு டீச்சருக்கு, ஏறுகிற அன்றைக்கு மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ரிஸ்க் என்று எழுதிய பதினோரு பேரும் இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கவும்.

சிறுமலை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், 18 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு எழுபது வளைவு என்பதால் கணக்கு டீச்சரே அதை அடித்துவிட்டார். மதுரையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் (பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான், எட்டாம் வகுப்பில் ஆண்டுத் தேர்வுக்கு வராதவன்) நாலு மலை சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வந்தான். "மேல வரைக்கும் பின்னாலயே வர்றேன் டீச்சர்" என்றான். பின்னால் வரலாம், முன்னால் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தோம்.

தை மாதத்துச் சனிக்கிழமை, விடிந்ததும் கிளம்பினோம்.

இப்போது கொஞ்சம் பாடம். மலை சைக்கிளுக்கும் நம் வீட்டு சைக்கிளுக்கும் என்ன வித்தியாசம்? டயர் தடி, முன்னால் அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க், டிஸ்க் பிரேக், எல்லாம் சரி. உண்மையான வித்தியாசம் கியரில் இருக்கிறது. நம் பழைய சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் ஐந்து மீட்டர் போகும். மலை சைக்கிளில் முன்னால் 24 பல், பின்னால் 34 பல் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான் போகும். மிதிப்பது பஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் நகர்கிறோமா என்றே சந்தேகம் வரும். கியர் நமக்குப் பலம் கொடுப்பதில்லை பிள்ளைகளே. நேரத்தை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகப் பளுவைக் குறைத்துக் கொடுக்கிறது. செய்து முடிக்க வேண்டிய வேலை அதேதான். நெம்புகோல் பாடத்திலும் சாய்தளப் பாடத்திலும் இதையேதான் முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதினேன். தொடையில் எழுதிப் பார்த்தது இப்போதுதான்.

அந்த வேலை எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். நானும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. உயரம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 பெருக்கல் 9.8 பெருக்கல் 600. கால்குலேட்டரை எடுக்காதே! ஏறக்குறைய ஐந்து லட்சம் ஜூல். மூன்று மணி நேரம் மிதித்து ஏறினால் 46 வாட். அதாவது பழைய 40 வாட் குண்டு பல்பைவிடக் கொஞ்சம் அதிகம். நாலு கிழவிகள், நாலு குண்டு பல்பு, மெதுவாக மலை ஏறுகின்றன. உடம்பு எரிக்கிற சக்தியில் கால்வாசிதான் பெடலுக்குப் போகும், மீதி முக்கால்வாசி சூடாகவும் வியர்வையாகவும் போய்விடும். அதனால் சாப்பாட்டுக் கணக்கில் சுமார் 480 கலோரி. பத்து இட்லி. இந்தப் பத்து இட்லி கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஏறும்போது தெரிந்துகொண்ட சில விஷயங்கள். மேடு வந்த பிறகு கியரை மாற்றக் கூடாது, வருவதற்கு முன்பே மாற்ற வேண்டும். பளு ஏறியபின் மாற்றினால் செயின் கரகரவென்று அழும். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்வாக இருக்கும். ஆனால் இடதுபக்க ஓரத்தை விட்டு வெளியே போக ஆசைப்படக் கூடாது, மேலேயிருந்து பஸ் வரும். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் வேகம் சரி. பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நர்ஸக்கா சொன்ன அளவுகோல் இது. அதனால் நாங்கள் பேசிக்கொண்டே ஏறினோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சம்பந்தி வீட்டுக் கதை.

தங்கச்சிதான் முன்னால். கல் உடைத்த உடம்பு. ஐந்து வளைவுக்கு ஒரு தடவை இறங்கி நின்று, நாங்கள் வந்து சேருகிறோமா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவாள். கடைசி ஆள் வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் கிளம்புவது என்பது எங்கள் சட்டம். முதலில் வந்தவர் பத்து நிமிஷம் ஓய்வெடுத்து, கடைசியில் வந்தவர் வந்ததும் எல்லோரும் கிளம்பிவிட்டால், யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு ஓய்வே கிடைக்காது. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்பதை ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் கவனிக்கவும்.

பதினோராவது வளைவு தாண்டியதும் கணக்கு டீச்சரின் பேச்சு நின்றது.

நான் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். சைக்கிள் ஒரு பக்கமாக இழுத்தது. "டீச்சர், நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். இறங்கினார். கையைப் பார்த்தால் நடுங்குகிறது. நெற்றியில் வியர்வை, ஆனால் தொட்டால் சில்லென்று இருக்கிறது. "பதினேழ ஏழால பெருக்கினா எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தார். பதில் வரவில்லை. அவரிடம் பதில் வராத அந்த நிமிஷம் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

நர்ஸக்கா வந்து அவரைப் பாலத்துச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, இடுப்புப் பையிலிருந்து மிஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். "இப்ப யாரும் பேசாதீங்க. கால் மணி நேரம்" என்றார். அக்கா அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. பிரசவ அறையில் இருந்த குரல் அது.

நம் பையன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "ஏத்திருவோம் டீச்சர், நேரா திண்டுக்கல் போயிருவோம்" என்று கதவைத் திறந்தான். நியாயமான பேச்சு. கணக்கு டீச்சரின் மகன் முந்தின நாள் ராத்திரி எனக்கே போன் பண்ணி, "அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா..." என்று சொல்லிவிட்டு மேலே பேசாமல் வைத்திருந்தான். அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டுக்கொண்டே இருந்தது.

பதினைந்து நிமிஷம் கழித்து 96. நடுக்கம் நின்றது. முதலில் வந்த வார்த்தை, "நூத்திப் பத்தொன்பது."

தங்கச்சி சிரித்துவிட்டாள். பிறகு முந்தானை இல்லாததால் சுடிதார் துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

விசாரித்தால், டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் குறைத்திருக்கிறார். ஆனால் வயிறு மந்தமாக இருந்தால் ஏற முடியாது என்று நினைத்து, காலையில் இரண்டே இட்லி. பத்து இட்லி வேலைக்கு இரண்டு இட்லி. இந்தக் கணக்கு மட்டும் கணக்கு டீச்சருக்குத் தப்பிவிட்டது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் எல்லோரும் கேளுங்கள். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரையும் ஒரு பக்கம் இறக்கிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் மளமளவென்று இறங்கிவிடும். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களும் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இல்லாமல் போகாதீர்கள். கூட வருகிறவரிடம் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லி வையுங்கள்.

வண்டிக் கதவு திறந்தே இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் நர்ஸக்காவைப் பார்த்தோம். "கீழ போகணும்னா நான் கட்டாயப்படுத்தித்தான் ஏத்துவேன். அதுக்கு இப்ப அவசியம் இல்ல. வாழைப்பழமும் பிஸ்கட்டும் சாப்பிடட்டும். இன்னும் அரை மணி நேரம் பாப்போம். அப்புறம் இன்னொரு தடவை குத்திப் பாப்போம். அதுல இறங்கியிருந்தா வண்டி, மறுபேச்சு கிடையாது. ஏறியிருந்தா அவங்க இஷ்டம்" என்றார்.

அரை மணி நேரம் கழித்து 134.

கணக்கு டீச்சர் எழுந்தார். துப்பட்டாவை இறுக்கிக் கட்டினார். நம் பையனைப் பார்த்து, "தம்பி, கதவச் சாத்து" என்றார். பிறகு சைக்கிளில் ஏறவில்லை. ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். நாங்களும் இறங்கித் தள்ளினோம். அடுத்த ஐந்து வளைவும் நடைதான். கடைசி இரண்டு வளைவில் அவராக ஏறி மிதித்தார். நர்ஸக்கா ஒட்டிக்கொண்டே போனார்.

தள்ளிக்கொண்டு போனதை ஏறியதாகச் சேர்க்கலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். ஐந்து லட்சம் ஜூல் மிதித்தாலும் அதேதான், தள்ளினாலும் அதேதான். வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் மட்டும்தான் அந்தக் கணக்கு டீசலுக்குப் போயிருக்கும். அப்படிப் போகவேண்டி வந்திருந்தாலும் அதில் குறை ஒன்றும் இல்லை. போவதா நிற்பதா என்பதை, உடம்பைத் தெரிந்த ஒருவரின் சொல்லைக் கேட்டு, அந்த உடம்புக்குச் சொந்தக்காரரே முடிவு செய்தார். எனக்கு அதுதான் பெரிசு.

மேலே ராத்திரி குளிர். தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்து வீட்டில் தங்கினோம். மிளகு ரசமும் அவரைக்காய்க் கூட்டும் சாப்பிட்டோம். சிறுமலை வாழைப்பழத்தைப் பற்றி அந்த வீட்டுப் பெரியவர் நிறையப் பேசினார். 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்ததாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறுபடி வந்தது. 2008-இல் அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அழிந்துபோனது என்று எல்லோரும் விட்டுவிட்ட ஒன்றை யாரோ நாலு பேர் விடாமல் வைத்திருந்ததால்தான் திரும்பி வந்தது என்றார். கணக்கு டீச்சர் படுக்கப் போகுமுன் மகனுக்குப் போன் போட்டார். எதையும் மறைக்கவில்லை. 58-ஐயும் சொன்னார், 134-ஐயும் சொன்னார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு என்ன சொன்னான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, காபிச் செடிகளுக்கு நடுவில் போகும் மண் பாதையில் ஓட்டினோம். மலை சைக்கிள் எதற்காகப் பிறந்ததோ அது இங்கேதான் புரிந்தது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் கல்லையும் வேரையும் அணைத்துக்கொண்டு போகும். மேட்டில் உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் முன் சக்கரம் தூக்கும். பள்ளத்தில் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். முழங்கையை விறைப்பாக வைக்கக் கூடாது. கல்லைப் பார்த்தால் கல் மேல்தான் போய் ஏறுவோம், போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் சைக்கிள் அங்கே போகும். "கீழ பாக்காதீங்க டீச்சர், நேரா பாருங்க" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பாடம் மாறவில்லை. மூட்டை ஏற்றிக்கொண்டு எதிரே வந்த மட்டக்குதிரை ஒன்று எங்களுக்கு வழிவிட மறுத்தது. நாங்கள்தான் ஒதுங்கினோம். அதன் பாதை அது.

இந்த விளையாட்டு தொடங்கிய கதையும் எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து மலைகளில் 1970-களில் சில இளைஞர்கள், 1930-கள், 40-களில் செய்த தடித்த டயர் சைக்கிள்களைப் பழைய சாமான் கடையிலிருந்து எடுத்து வந்து மண் பாதையில் இறக்கினார்கள். 1976-இல் அதைப் பந்தயமாகவே நடத்தினார்கள். சுமார் இரண்டு மைலில் 1,300 அடி இறக்கம். பின் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சூடாகி உள்ளே இருந்த கிரீஸ் முழுக்கப் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இருபதே வருஷத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் அது பதக்கப் போட்டியாகிவிட்டது. யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய சைக்கிளில் தொடங்கியது இதெல்லாம்!

அந்தக் கிரீஸ் புகைந்த காரணம்தான் இறக்கத்தில் எங்களுக்கும் கவலை. ஏறும்போது சேர்த்து வைத்த ஐந்து லட்சம் ஜூல் எங்கேயும் போகவில்லை. மலை மேலே நம்மோடுதான் உட்கார்ந்திருக்கிறது. இறங்கும்போது அதை எங்கேயாவது தொலைக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. மெதுவாக இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்குக்குத்தான் போகும். அதனால் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்கக் கூடாது. பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போன பிறகு அல்ல. முன் பிரேக்குக்குத்தான் பலம் அதிகம், ஆனால் அதை மட்டும் சடக்கென்று பிடித்தால் தலைகுப்புறப் போவோம். மூன்று வளைவுக்கு ஒரு தடவை நின்றோம். டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தோசைக்கல் மாதிரி 'சொய்ங்' என்றது. கணக்கு டீச்சர் மறுபடி ஒரு தடவை குத்திப் பார்த்துக்கொண்டார். 121. அன்றைக்குக் காலையில் ஆறு இட்லி.

ஏற நாலரை மணி நேரம், இறங்க ஒன்றேகால். ஒருவருக்கும் சிராய்ப்பு இல்லை. கொழுந்தனாருக்குப் பதில்: முட்டி தாங்கியது, உட்காரும் இடம்தான் இரண்டு நாள் தாங்கவில்லை.

கணக்கு டீச்சரின் மகன் போனில் சொன்னது இதுதான். ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு, "அம்மா, அந்த சைக்கிள் என்ன விலை?" என்று கேட்டானாம்.

பிள்ளைகளே, உங்கள் அம்மாக்கள் எல்லோரையும் மலையில் ஏற்றச் சொல்லி நான் இதை எழுதவில்லை. டாக்டரைக் கேட்காமல் எவரும் ஏறவும் வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு அம்மாவோ அப்பத்தாவோ அத்தையோ எங்கேயாவது போக வேண்டும் என்று சொன்னால் "எதுக்கு?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எப்பம்மா கிளம்புறீங்க?" என்று கேளுங்கள். கூடப் போவதானாலும் பின்னால் போங்கள். குட்டியானை ஓட்டி வந்த நம் பையனைப் போல, கதவைத் திறக்கவும் தயாராக இருங்கள், சாத்தச் சொன்னால் சாத்தவும் தயாராக இருங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு நாங்கள் சித்தன்னவாசல் போகிறோம். சமதளம்தான், மெதுவாகத்தான் போவோம், கடைசி ஆள் வந்த பிறகே கிளம்புவோம். புதுக்கோட்டையில் இருக்கிறவர்கள் வரலாம், அம்மாவையும் கூட்டி வரலாம். காலையில் சாப்பிட்டுவிட்டு வரவும். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன், பழைய டீச்சர் என்று பார்க்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்